பதின்மூன்று கிலோ சட்டை

அந்தச் சட்டையை முதன்முதலாகத் தூக்கியபோது என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. பத்தொன்பது வருஷமாகப் பெண்களுக்குத் துணி தைக்கிறேன். பட்டு, வெல்வெட், ரெக்சின் எல்லாம் என் மெஷினில் ஓடியிருக்கிறது. தோளைப் பிடித்துத் தூக்கினால் தூக்குகிறவளையே மேசைமேல் கவிழ்க்கிற சட்டையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பதின்மூன்று கிலோ. முழுக்க இரும்பு வளையம். ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையங்கள் நாலோடு கோத்து, வாயில் பொடி ஆணி அடித்து மூடியது.

சட்டை எனக்கில்லை, என் நாத்தனாருக்கு. என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள், வீட்டில் அவளுக்குப் பெயர் குச்சி. பகலில் பார்சல் குடோனில் பெட்டி ஏற்றுவாள். சாயங்காலமானால் தலையிலிருந்து கால்வரை இரும்பை மாட்டிக்கொண்டு, முனை மழுங்கிய கோடாலியால் மற்றப் பெண்களை அடிக்கப் போய்விடுவாள். அதற்கென்று குழு, பயிற்சிக்கூடம், போட்டி எல்லாம் உண்டாம். வேலிக்குள் இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். விழுந்தவள் அவுட். கடைசியில் எந்தப் பக்கம் ஆள் நிற்கிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. இதை அவள் வந்து சொன்ன அன்று, கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழிக்கப் புதுசாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மூன்று வருஷமாக அவள் அந்தக் குழுவில் ஆறாவது ஆள். ரிசர்வ். போட்டிக்குப் போவாள், தண்ணீர் பாட்டில் தூக்குவாள், மற்றவர்களுக்கு வார் கட்டிவிடுவாள், வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை உரசிக் கழுவுவாள். அவள் அண்ணனுக்கு இதில் பரம நிம்மதி. இப்போது ஐந்தில் ஒருத்தி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை போட்டி. ஐந்தாவது ஆள் குச்சி.

தலைக்கவசம், கை கால் தகடு எல்லாம் குழு தரும். உடம்புக்கான சங்கிலிச் சட்டை மட்டும் அவரவருடையதாக இருக்க வேண்டும். களத்தில் இறங்குவதற்கு முன்னால் நடுவர் சோதிப்பார். சட்டை உடம்பில் ஒழுங்காக உட்காராவிட்டால் அவள் வெளியே. நாலு பேரோடு ஆட முடியாது என்பதால் குழுவே வெளியே. அளவெடுத்துச் செய்து தருகிறவரிடம் கேட்டால் நாலு மாதம் ஆகும் என்றார். எங்கள் கையில் இருந்தது ஆறே நாள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ‘மலை’ என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவரின் கார் ஷெட்டில் போய் நின்றோம். முழங்கால் போய்விட்டதால் விளையாட்டை விட்டவர், பழைய சட்டையை விற்கிறார் என்று கேள்வி. ஆள் பெயருக்கேற்ற ஆள்தான். அவருடைய சட்டையைக் குச்சியின் மேல் வைத்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கைப்பகுதி விரலை மூடியது. அவள் முகம் செத்துப்போய்விட்டது.

நானோ வேறு உலகத்தில் இருந்தேன். சட்டையைப் புரட்டி, அக்குளில் தேய்மானம் உண்டா, கழுத்தில் துரு உண்டா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மேசையில் விரித்து ஒரு பக்கமாக இழுத்தேன், வலை மாதிரி விரிந்தது. மறுபக்கமாக இழுத்தேன், அசைவேனா என்றது. துணிக்கு நேரும் குறுக்கும் இருக்கிற மாதிரி இந்த இரும்புக்கும் இருக்கிறது! இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஷெட்டிலேயே வெட்ட ஆரம்பித்திருப்பேன்.

யாரிடம் கொடுத்துச் சின்னதாக்கப் போகிறீர்கள் என்று மலை கேட்டார். நான்தான் செய்யப்போகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இது கவுன் இல்லைம்மா.”

“ஒரு கவுன் தைச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்” என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், என்ன செய்வது. மனிதர் சிரித்துவிட்டார். ஒரு டப்பா வளையமும், பொடி ஆணியும், ஆணியை அழுத்தி மூடுகிற குறடு ஒன்றும் நாங்கள் வாங்கிய சட்டையோடு சேர்த்துச் சும்மாவே கொடுத்தார். எப்படி மூடுவது என்று இரண்டு தடவை செய்து காட்டினார். மூன்றாவது வளையத்தை நான் மூடினேன்.

ஷெட்டிலிருந்து வரும்போதே குச்சி, அண்ணி ஒரு தடவை அளவெடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவளுக்கு எட்டு வருஷமாகத் தைக்கிறேன். தோள் பதினாலு, கைக்குழி பதினாறு, எல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், போடி என்றேன். சனிக்கிழமை லீவு வாங்குவதற்காக அவள் வியாழன்வரை இரட்டை ஷிப்ட் பார்த்தாள். விடிவதற்கு முன் போய், நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு வருவாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஐந்து நாளும் எனக்குத் திருவிழாதான். தையல் பொம்மைமேல் சட்டையை மாட்டினேன். முதல் பொம்மை கால் முறிந்து சாய்ந்தது, இரண்டாவதற்கு முட்டுக்கொடுத்தேன். கீழே இரண்டு சாண் வெட்டினேன், கைகளை முழங்கையோடு நிறுத்தினேன். இடுப்பை நெருங்க நெருங்க வரிசைக்கு ஒரு வளையமாகக் குறைத்து உடம்பைச் சாய்த்துக் கொண்டுவந்தேன். கையைத் தூக்கினால் சட்டை முழுக்கக் கூடவே ஏறக்கூடாது என்று அக்குளில் வைர வடிவத்தில் ஒரு துண்டு சேர்த்தேன். அடி தாங்க உள்ளே பஞ்சு வைத்த கோட் ஒன்று போடுவார்கள், அதற்கும் இடம் விட்டேன். என் மேசையில் வெட்டிய கோட்டும் பாதி தைத்த பாவாடையும் மலையாகக் குவிந்தன. கேட்க வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்து, கொப்புளம் உடைந்து, மறுபடி கொப்புளம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பொம்மைமேல் அந்தச் சட்டை வழுக்கிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்து என் உச்சி குளிர்ந்துபோனது.

வெள்ளிக்கிழமை மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டு குச்சி என் தையல் கடைக்கு வந்தாள். பஞ்சு கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, தலையை உள்ளே விட்டாள். சட்டை இறங்கியது. பாதியில் நின்றது.

இழுத்தேன். வரவில்லை. கீழேயும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. பதின்மூன்று கிலோவில் நான் வெட்டியது போக மிச்சம் பத்துக் கிலோ இரும்புக்குள்ளிருந்து, அண்ணி மூச்சு முட்டுகிறது என்று குரல் கேட்டது. தைக்கக் கொடுத்த தன் கோட்டை வாங்க வந்திருந்த டீச்சர் ஒருவர் கைப்பையை வைத்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். குச்சியைக் குனியவைத்து, உலுக்கி, கோட்டோடு சேர்த்து உருவி எடுத்தோம். அவள் பனியனோடு தரையில் உட்கார்ந்து இருமினாள். நான் அவள் முதுகைப் பார்த்தேன்.

டேப்பை எடுத்து வைத்தேன். தோள் பதினாறரை. நம்பாமல் இன்னொரு தடவை வைத்தேன். பதினாறரை. கைச்சதை என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை.

“எப்போடி இப்படி ஆன?”

“மூணு வருஷமாச்சு அண்ணி. யாரும் பாக்கல.”

குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். ஊரில் இருக்கிற பொம்பளைகளுக்கெல்லாம் அரை இஞ்ச் கூடினாலும் கண்ணாலேயே சொல்கிறவள் நான். ஒரே வீட்டில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவளை, தொளதொள குடோன் சட்டைக்குள் இருக்கிற குச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது, ஆனால் நேரம் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சரி விடு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள். அவர் கண்ணுக்கு நேராக அவள் கண் இருந்தது. அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

“பயமா இல்லையா உனக்கு?”

“பயம்தான். ஆனா நான் அங்க நிக்கணும் அண்ணா.”

அவர் பாத்திரத்தை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு, எங்கே உட்காரட்டும், என்ன செய்யணும் என்றார்.

முதுகை நடுவில் கழுத்திலிருந்து இடுப்புவரை திறந்தேன். கீழே வெட்டிய இரண்டு சாண் இரும்பு மூட்டையாகக் கிடந்தது. அதிலிருந்து பட்டையாக ஒரு துண்டு எடுத்து, நேர் குறுக்கு மாறாமல் வைத்து, இரண்டு ஓரத்திலும் கோக்க ஆரம்பித்தோம். நான் வளையத்தை நுழைப்பேன், குச்சி ஆணி வைப்பாள், அவர் குறடை அழுத்துவார். அவருக்குக் கை பழகாததில் முதல் இருபது வளையம் வீண். திட்டினேன். அப்புறம் மனிதருக்கு வேகம் பிடித்துவிட்டது, என்னையே அவசரப்படுத்தினார். அவளுடைய கைச்சதைக்குக் கைக்குழியையும் இறக்கினேன். தெருவிளக்கு எரிகிற நேரத்தில் கடைசி ஆணி மூடியது.

குச்சி தலையை விட்டாள். சட்டை சரசரவென்று தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்கி உட்கார்ந்தது. இடுப்பில் வாரை இறுக்கினேன், தோளில் இருந்த பாரத்தில் பாதி இடுப்புக்குப் போனது. வாடிக்கைக்காரிகளைப் பத்தொன்பது வருஷமாக அசையாமல் நில்லு என்றுதான் அதட்டியிருக்கிறேன். இவளைக் குதிக்கச் சொன்னேன், உட்காரச் சொன்னேன், அளவுக்கோலைக் கையில் கொடுத்து என்னை அடிக்கச் சொன்னேன். அவள் கையை ஓங்கினாள். சட்டையின் கீழ்விளிம்பு அரை விரல்கூட ஏறவில்லை. டீச்சர் தன் கோட்டை மறந்துவிட்டு அதுவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை நடுவர் மூக்கைச் சட்டையில் வைத்து முகர்கிற மாதிரி சோதித்தார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்தார், கழுத்தில் விரல் விட்டார், தரையில் மல்லாந்து படுத்து யார் உதவியும் இல்லாமல் எழுந்திருக்கச் சொன்னார். என் கையை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டாரா, அவர் கையை நான் பிடித்தேனா தெரியவில்லை. குச்சி எழுந்தாள். நடுவர் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்தவளிடம் போனார்.

களத்தில் பத்துப் பேரும் இரும்பு மண்டையோடு நின்றார்கள். முகம் தெரியாது. என் முதுகுப் பட்டையை வைத்துத்தான் எங்கள் ஆளைக் கண்டுபிடித்தேன். முதல் சுற்றில் எட்டு விநாடியில் அவளைக் கவிழ்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், அந்தச் சுற்று போய்விட்டது. இரண்டாவது சுற்றில் அவளை விழவைக்க இரண்டு பேர் தொங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை, அந்தச் சுற்று எங்களுக்கு. மூன்றாவதுதான் முடிவு. மளமளவென்று எங்கள் பக்கம் நாலு பேர் விழுந்தார்கள். எதிரே இரண்டு பேர், இங்கே குச்சி ஒருத்தி.

இரண்டு பேரும் சேர்ந்து அவளை வேலியில் வைத்து நசுக்கினார்கள். கோடாலிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, குடோனில் பெட்டியைத் தள்ளுகிற மாதிரி தள்ளினாள். ஒருத்தி முழங்கால் மடிந்து போனாள். இன்னொருத்தி சுழன்று வந்து அடித்தாள், டங்கென்று எனக்கே வலித்தது. குச்சி அவளை அப்படியே கட்டிப்பிடித்து, தோளைக் கொடுத்து, தூக்கி, மண்ணில் வைத்தாள். விசில் ஊதியது. களத்தில் நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். நான் கத்திய கத்தில் எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே கைதட்டினார்.

பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளைத் தொட்டார். நாலு மாத வரிசை வைத்திருக்கிற கவசக்காரர்தான் அவர் என்று அப்புறம் தெரிந்தது. அந்த ஐந்தாவது பெண்ணின் சட்டை எப்படி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், முதுகில் என்ன வேலை, யார் கை அது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். இந்த மாதிரி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா என்று பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்தவள் நான்.

“சட்டைய விடுங்க சார்” என்றேன். “உள்ள இருக்கிறவளப் பாருங்க.”