பச்சை அட்டை நோட்டு

அடையாறில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் மானிட அறிவியல் முதுகலைப் புலத்துக்கு 1996இல் வெள்ளி விழா. புலத்தின் வரலாற்றைத் தன்னைத்தான் எழுதச் சொல்வார்கள் என்று லியோனார்ட் சார் நம்பியிருந்தார். நம்பியது என்ன, மனசுக்குள் முதல் அத்தியாயத்தை எழுதியே முடித்திருந்தார். புலத்தைத் தொடங்கிய நால்வரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். வேறு யாரிடம் போவார்கள்?

மதுவந்தியிடம் போனார்கள். மயிலாப்பூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலே வருஷம். நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான். இயக்குநர் ராகவேந்திரன் அவள் பெயரைக் கூட்டத்தில் அறிவித்தபோது எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் லியோனார்ட் சார்தான். வயிறு எரிகிறவன் தட்டினால் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். தட்டி முடித்து எழுந்தார்.

"ஒரு சின்ன விஷயம். செவிவழிக் கதையெல்லாம் வேண்டாம். காகிதத்துல ஆதாரம் இல்லாத எதுவும் புத்தகத்துல வரக் கூடாது. நாம பசங்களுக்குச் சொல்லித் தர்ற விதிதானே?"

நியாயமாகப் பட்டது. தீர்மானமாகவே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் திண்டாடட்டும் என்றுதான் சொன்னார் என்பது யாருக்குத் தெரியும்?

அன்று மாலையே அலுவலக அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டை வீட்டுக்குப் போனார். 1971இல் தேனாம்பேட்டையில் ஒரு வாடகை அறையில் நால்வரும் கூடிய முதல் கூட்டத்தின் மினிட்ஸ் நோட்டு அது. வயதில் சின்னவர் என்பதால் குறிப்பு எழுதியது லியோனார்ட். கடைசியில் நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவருடைய வேலை உத்தரவே அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

"பூச்சி அரிச்ச நோட்டைக் கொண்டாந்து நல்ல துணிக்கு அடியில வைக்கிறீங்களே" என்றாள் மனைவி ஜோன்.

"இருக்கட்டும், பத்திரமா."

அவர் கணக்கு இதுதான்: நோட்டு இல்லாமல் முதல் அத்தியாயம் நொண்டும், அவள் கையை விரிப்பாள், வேலை தன்னிடம் வரும், அப்போது நோட்டும் 'கிடைக்கும்'.

இரண்டு மாதம் கழித்து மதுவந்தி அவர் அறைக்கு வந்தாள். தலையெல்லாம் தூசி.

"சார், முதல் மீட்டிங் மினிட்ஸ் எங்கயுமே இல்ல. சைதாப்பேட்டை குடோன்ல கூடத் தேடிட்டேன். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"கரையான் தின்னிருக்கும்மா" என்றார். அந்தத் தூசியைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவள் கையை விரிக்கவில்லை. விழா நாளில் புத்தகம் வந்தேவிட்டது. லியோனார்ட் சார் அரங்கின் ஓரத்தில் நின்று முதல் பக்கத்தைப் புரட்டினார். 'புலத்தை நிறுவியவர்கள் மூவர்' என்று இருந்தது. மேலே ஒரு புகைப்படம், அதில் மூவர். தேனாம்பேட்டை அறை வாசலில் அன்று அவர்களை நிற்க வைத்துப் படமெடுத்தது அவர்தான். எடுத்தவன் படத்தில் எப்படி விழுவான்? கீழே மூன்று பெயர்கள். இருமுறை எண்ணிப் பார்த்தார்.

மதுவந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க சார். உங்க பேரைப் போடணும்னு எவ்வளவோ வாதாடினேன். நீங்க கொண்டுவந்த தீர்மானத்தையே டைரக்டர் எடுத்துக் காட்டிட்டார். இந்த மூணு பேர்ல ராஜரத்தினம் சார் வீட்ல இந்தப் போட்டோ ஒண்ணுதான் கெடச்சுது. அந்த மினிட்ஸ் நோட்டு மட்டும் இருந்திருந்தா, முதல் அத்தியாயமே உங்களை வச்சுத்தான் எழுதியிருப்பேன்."

விழாவுக்கென்று புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த ஜோன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"எந்த நோட்டும்மா?" என்று கேட்டாள். "பச்சை அட்டை போட்டதா?"