ஞாயிறு நாலு மணிக்குள் வெந்நீர்

இதில் ஒரு சொல்லாவது பொய் என்றால், சொல்பவனின் இரண்டு மூக்குக் கண்ணாடிகளும் ஒரே நாளில் உடையட்டும். அவ்வளவு சுத்தமான உண்மை.

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலாம் மாதம், ஒரு திங்கட்கிழமை, ஒருவர் தன் மனைவியின் முட்டிவலிக்காக வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, நாலு மாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருந்த வீட்டுக்குப் பின்னால் இறக்கினார். யாரோ பயன்படுத்திக் கைகழுவிய தொட்டி. ஆறு பேர் உட்காரலாம். அடியிலிருந்து குமிழி கிளம்பி உடம்பைப் பிடித்துவிடும். வீட்டுக்காரம்மா, அதாவது அவர் மனைவி, துணி காயப்போடும் இடம் முழுவதையும் அது விழுங்கியிருந்தது. அந்த அம்மாள் தண்ணீரில் ஒரு விரலை விட்டு எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இது சுடணும். இல்லேன்னா திங்கக்கிழமை பழைய சாமான்காரர் வருவார். கொடி இதே எடத்துல கட்டியாகணும்."

மெக்கானிக் சரி என்றார். நாற்பது வருஷம் ஜனங்களை ஏற்றி இறக்கியவருக்குத் தண்ணீரில் சூடு ஏற்றத் தெரியாதா?

சுவிட்சைப் போட்டார். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் டிரிப்பர் 'டப்'பென்று விழுந்தது. தூக்கிவிட்டார், விழுந்தது. முப்பத்தேழு தடவை விழுந்ததில் எதிர்வீட்டுக் கைக்குழந்தை தாளம் தப்பாமல் கைதட்டக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். புதன்கிழமை, வேறு வழியில்லாமல், மனைவியின் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். மச்சான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவருக்குத் தெரிந்ததெல்லாம் குளிர்ச்சி. ஒருத்தருக்கு மேலே கீழே, இன்னொருத்தருக்கு ஜில்லு, நடுவில் என் முட்டி என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் வேலை ஒழுங்காகவே நடந்தது. மெயினை அணைத்து, ஹீட்டரின் ஒயர்களைக் கழற்றி முனைகளில் டேப் சுற்றிவிட்டு, மறுபடி மெயினைப் போட்டார்கள். டிரிப்பர் விழவில்லை. அப்படியானால் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் யோக்கியன், திருடன் ஹீட்டர்தான். மெயினை அணைத்துக் கழற்றிப் பார்த்தால், உப்புப் படிந்து வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. புது ஹீட்டர் மாட்டினார்கள். டிரிப்பர் வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் மட்டும் சூடாகவில்லை.

ஃபில்டரை உருவினார்கள். இரண்டு காலுறை, ஒரு சீப்பு, ஒரு முழுப் பல்செட். மச்சான் பல்செட்டை நன்றாகக் கழுவி, போட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்வாக இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இப்போது தண்ணீர் ஆறாக ஓடியது. ஆனால் ஆற்றுத் தண்ணீரைப் போலவே ஜில்லென்று ஓடியது.

ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டரை. வீட்டுக்காரம்மா கொடிக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்தார்.

தொட்டியின் சின்னத் திரையில் நாற்பது டிகிரி என்று காட்டியது.

"அத்தான், தண்ணி ஐஸா இருக்கு. இது நாப்பதுங்குது. எந்தத் தண்ணியத் தொட்டுப் பாத்துட்டு சொல்லுது?" என்றார் மச்சான்.

சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார்கள். அது தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகவே இல்லை. வளைந்து வந்து, மோட்டாரின் முதுகில், வெள்ளை நூலால் மூன்று முடிச்சுப் போட்டு அழகாகக் கட்டப்பட்டிருந்தது. ஓடுகிற மோட்டாரின் சூட்டைத் தண்ணீரின் சூடு என்று நம்பி, ஹீட்டருக்கு லீவு கொடுத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக் காது சிவந்தது. லிஃப்ட் குழியில் ஒயர் தொங்கினால் கூண்டில் மாட்டிக்கொள்ளும். நாற்பது வருஷமாகத் தொங்கும் ஒயரைக் கண்டால் அவர் கை அவரைக் கேட்காமலே கட்டிவிடும். இதையும் திங்கட்கிழமையே கட்டியிருந்தது.

"யாரு அத்தான் இப்படிக் கட்டுனது?"

"பழைய ஓனரா இருக்கும்."

படியிலிருந்து குரல் வந்தது. "அந்த ஓனர்தான் என் கண்ணாடிச் சங்கிலியையும் ஜன்னல் கம்பியில கட்டி வச்சிருக்கார். மூணு முடிச்சு."

மெக்கானிக் நூலை அறுத்து, சென்சாரைக் குழாயில் அதற்குரிய குழியில் செருகி, தொட்டியை மூடினார்.

மூன்றரை மணிக்குத் திறந்தபோது எழும்பிய ஆவியில் இரண்டாம் மாடிக் கம்பியில் தொங்கிய ஏழு சட்டைகளும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி ஆகிவிட்டன. நாலு மணிக்கு வீட்டுக்காரம்மா இறங்கினாள். குமிழிகளுக்கு நடுவே கண்ணை மூடி, அரைமணி நேரம் யாரையும் ஒரு குறையும் சொல்லவில்லை. எழுந்தபோதுதான் துண்டு மொட்டை மாடியில் காய்வது ஞாபகம் வந்தது. லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். பொறுமையில்லாமல் நாலு மாடியும் படியேறி, துண்டோடு இறங்கியும் வந்துவிட்டாள். அப்போதும் லிஃப்ட் வந்திருக்கவில்லை.

"கொடியை மாடியிலேயே கட்டிடுங்க," என்று கயிற்றை நீட்டினாள்.

மெக்கானிக் கட்டினார். மூன்று முடிச்சு. வாழ்நாளில் முதல்முறையாக, ஒருவர் கேட்டுக் கட்டினார்.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனதால், தொட்டி வந்த அந்தத் திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை அந்தத் தெருவில் மின்சாரம் இல்லை.