பஹ்ரைனில் பதிந்த கைதட்டல்

விடுமுறையில் ஊர் வந்த பளீல் கொண்டுவந்து கொடுத்த கசெட்டோடு கடிதம் இல்லை. பஹ்ரைன் ஹோட்டலில் வேலை செய்யும், முனவ்வறாவின் கணவன் அதாவுல்லா எட்டு மாதமாக எழுதவேயில்லை. ஆனாலும் கசெட் என்றால் குரல் வரும். கல்முனைக்குடியில் அதைக் கேட்கத் தெருவே கூடும். ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி ஸலாம் வரும். அசர் தொழுகைக்குப் பிறகு முனவ்வறா பாயை விரித்தாள். மாமியும் மச்சினி ஹாஜறாவும் அயல்வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

டேப் ரெக்கோடரின் பொத்தானை அமத்தியதும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து குழல் ஊதினார்கள்.

“இதென்ன கா, மாப்பிள்ளை ஊர்வலமா?” என்றாள் ஹாஜறா.

“பொறு புள்ள, இப்ப கதைப்பார்” என்றாள் முனவ்வறா.

கதைக்கவில்லை. நாடாவை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பிப் போட்டாள். ஊதலும் மேளமும், இடையிடையே யாரோ அந்நியர்களின் கைதட்டலும்தான்.

“ஸலாத்தையும் இங்கிலீசில ஊதி அனுப்பிரிக்காரு!” என்றாள் ஒருத்தி.

சிரிப்போடு பெண்கள் கலைந்தார்கள். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மறுநாள் முனவ்வறா பளீலைக் கூப்பிட்டனுப்பினாள்.

“தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. அங்க ஒருத்தியக் கட்டிட்டாரா?”

“அல்லாஹ்வே! அப்பிடி ஒண்டுமில்ல ராத்தா.” பளீல் நிலத்தைப் பார்த்தான். “அமெரிக்காவில இருந்து ஜாஸ் வாத்தியக்காரர் வந்து அந்த ஹோட்டல்ல வாசிச்சாங்க. சனத்திர சத்தத்தோட அப்பிடியே பதிஞ்சு கசெட்டா வித்தாங்க. ரெண்டாம் பக்கத்தில மெல்லிசா ஒரு பாட்டு முடியக்குள்ள கேளுங்க. கிளாஸ் தட்டோட விழுந்தது மச்சான்தான். அடுத்த நாளே வேலை போச்சு. இப்ப கட்டிட வேலையில நிக்காரு. வேற கசெட் போட்டு, கதைங்க எண்டு நான் பொத்தானையும் அமத்திக் குடுத்தன். வாய் வரல்ல. இத எடுத்துத் தந்தார்.”

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கசெட்டைப் போட்டுக் கேட்டாள். ஒற்றைக் குழல் மூச்சு முட்டியதுபோல் இழுத்து இழுத்து அடங்கியது. அதன் மேல் கண்ணாடி நொறுங்கிற்று. பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. மேடையில் ஒருவன் ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தது. துண்டுகளைப் பொறுக்கும் ஒலி கேட்குமா என்று காதை ஒட்டிவைத்தாள். அதற்குள் அடுத்த பாட்டுத் தொடங்கிவிட்டது. திருப்பித் திருப்பிப் போட்டாள்.

சனிக்கிழமை பளீல் திரும்பிப் போகிறான். வழக்கமாகப் பதிலையும் எல்லோரும் கூடியிருந்துதான் அதே கசெட்டில் பதிவார்கள். இந்தமுறை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பதிவு விழுவதற்காகக் கசெட்டின் விளிம்பிலிருந்த ஓட்டையில் கடதாசி அடைத்து, அவர் விழுந்த பக்கத்தை விட்டு முதல் பக்கத்தைப் போட்டு, பதியும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமத்தினாள்.

“மச்சான், கேட்டன். வேலை போனாப் போகட்டும். கையில வெட்டுப்பட்டிச்சா? அத மட்டும் சொல்லுங்க.”

பதிவை நிறுத்த மனமில்லை. மறுமொழி வரும் என்பதுபோல், பக்கம் முடிந்து பொத்தான் தானாகத் துள்ளும்வரை உட்கார்ந்திருந்தாள்.