மொட்டைமாடிக்கு ஒரு பூட்டு

பெரியவளின் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததில் ஒன்றும் அதிசயமில்லை. யார் வீட்டுச் செடிக்கும் வரும். வந்த பிறகு அவள் அடித்த கூத்துதான் கொஞ்சநஞ்சமில்லை.

கடை மருந்தை அவள் கையால் தொடமாட்டாள். எல்லாம் வீட்டிலேயே தயாராக வேண்டும். பூண்டையும் மிளகாயையும் அரைத்து வடிகட்டி, வேப்பெண்ணெய் விட்டு, எண்ணெய் தண்ணீரோடு சேர வேண்டுமே என்று துணி துவைக்கிற சோப்புத்தூளைக் கை நிறைய அள்ளிப் போடுவாள். நுரை எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு வீரியம் என்பது அவள் கட்சி. சமையலை முடித்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் மாடிக்குப் போய், செம்பருத்தி, தக்காளி, கத்திரி என்று ஒரு தொட்டி விடாமல் இலையின் மேலும் கீழும் சொட்டச் சொட்ட அடித்துவிட்டு வருவாள். சும்மா சொல்லக்கூடாது, பூச்சி செத்தது. கூடவே இலைகளின் ஓரமும் தீய்ந்து கருக ஆரம்பித்தது.

தன் மருந்தின் மேல் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் வந்திருக்க வேண்டுமே! ம்ஹூம். யாரோ செடிக்கு வெந்நீர் ஊற்றுகிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

யாரோ என்றால் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மேல் வீட்டில் அவளும் பஸ் ஓட்டுகிற கணவனும். கீழ் வீட்டில் கொழுந்தனும் அவன் மனைவியும். ஆண்கள் இருவருக்கும் செடி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. மிச்சம் இருப்பது ஓரகத்திதான். சின்னவளும் அவளும் கூடப் பிறந்தவர்கள் என்றே தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள், அப்படி ஒட்டிக்கொண்டு திரிவார்கள். ஆனால் துணி காயப்போட மாடியில் இடமே இல்லை என்று சின்னவள் கொஞ்ச நாள் முன்னால்தான் அலுத்துக்கொண்டாள். அது இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

பெரியவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தாள். விடிந்தும் விடியாமல் படியில் செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் வாளி உரசும் சத்தம். சின்னவள் இறங்கிப் போனதும் பூனை மாதிரி ஏறிப் பார்த்தாள். இலையெல்லாம் ஈரம், தொட்டிகளைச் சுற்றிக் குட்டை குட்டையாகத் தண்ணீர். விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. வாசனை இல்லாத விஷம் என்றால் இன்னும் மோசம் என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

நேரே கீழே இறங்கி அடுப்படி வாசலில் நின்றாள்.

"விடியக்காலையில மாடில உனக்கு என்ன வேல?"

சின்னவள் மென்று விழுங்கினாள். "சும்மாதான்க்கா, காத்து வாங்கப் போனேன்."

"காத்து வாங்க வாளி எதுக்கு? என் செடியச் சாகடிச்சிட்டு அங்க துணிக்கொடி கட்டணும், அதான?"

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியா நினைத்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி பெரியவளின் இடுப்பில். மருந்தையும் முன்னைவிடக் கெட்டியாகக் கலக்கினாள். கொழுந்தன் அண்ணனிடம் வந்து, வேறு வீடு பார்க்கிறோம் என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனான். ஒரு செடிக்காகவா இத்தனை என்று கணவன் கேட்டதற்கு அவனிடமும் எரிந்து விழுந்தாள். உள்ளுக்குள் மட்டும் வேறு கவலை. சின்னவள் போய்விட்டால் பகல் முழுக்க யார் முகத்தைப் பார்ப்பது, யாரோடு சிரிப்பது, யாரைத் திட்டுவது? இருந்தாலும் தானாகப் போய்ப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

பூட்டிய மாடியில் செடிகள் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செம்பருத்தி மொட்டைக் குச்சியாக நின்றது. தக்காளி சுருண்டு கிடந்தது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. அப்படியானால் வந்தது யார்? சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரு கத்திரிச்செடி மட்டும் தளதளவென்று இருந்தது. அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டியின் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அடித்த மருந்தையெல்லாம் அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கழுவிவிட்டிருந்தது.

விடியற்காலை வாளிச் சத்தம் எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

எழுந்து கீழே போனபோது, சின்னவள் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெனம் நான் அடிச்ச மருந்தக் கழுவிவிட்டது நீதானா?"

"ஆமாக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சோப்பு ஜாஸ்தின்னு ஒருதடவ சொன்னேன், ஞாபகம் இருக்கா? எத்தன நாளு என்கூடப் பேசாம இருந்தீங்க. சத்தமில்லாமக் கழுவிவிட்டா செடியும் பொழைக்கும், நாமளும் எப்பவும் போல இருக்கலாம்னு நெனச்சேன்."

பெரியவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். இனிமேல் நீயே வைத்துக்கொள், மாடி முழுக்கக் கொடி கட்டிக்கொள் என்றாள்.

சின்னவள் சாவியை வாங்கவில்லை. அடுத்த டம்ளரை எடுத்துத் துடைத்தாள்.

"வீடு பேசி முடிச்சாச்சுக்கா. செடிதான, வேற வாங்கி வச்சுக்கலாம் நீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது அவளை நிறுத்தியிருப்பாள் பெரியவள்.