அத்தை பூக் குத்த வேண்டும்

பந்தலில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பதினெட்டுப் பேர், ஒரே மாதிரி வெள்ளை அங்கியும் மேலே கறுப்புக் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன்தான் மாப்பிள்ளை. பெண்ணின் அத்தை வரிசையில் நடந்து போய், அவனைக் கண்டுபிடித்து, கோட்டில் பூக் குத்த வேண்டும். குத்தினால் கல்யாணம். குத்தாவிட்டால் என்ன ஆகும் என்று மசாகா ஊர்ப் பக்கத்தில் யாரும் யோசித்ததில்லை. குத்தாத அத்தை இதுவரை பிறக்கவில்லை.

இந்த அத்தை நப்போசாவுக்கு வயது இருபத்தொன்பது. அவளுக்கு மூத்த அக்காக்கள் இரண்டு பேர் இருந்தும், பெண்ணின் அப்பாவான அண்ணன், "படிச்சவ நீதான், நாலு பேர் முன்னாடி வாய் தொறப்ப" என்று அவளையே பிடித்து நிறுத்திவிட்டார். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியதற்குக் கிடைத்த பரிசு.

மாப்பிள்ளை முவாஞ்சேயை அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரியும். தலைநகர் கம்பாலாவில் ஒன்றாகப் படித்தார்கள். அவனுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். அப்போது அது வெறும் ரகசியம். புதுச் சட்டம் வந்த பிறகு அது ஆயுள் தண்டனை.

சட்டம் வந்ததும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று நல்ல எண்ணத்தோடுதான் அவனைப் பேட்டி எடுத்தது. வீடியோவில் முகத்தை மங்கலாக்கிப் போட்டார்கள். மேசைமேல் இருந்த கையை விட்டுவிட்டார்கள். இடது கட்டைவிரலில் பாதி நகம் இல்லாத கணக்கு வாத்தியார் அந்த வட்டாரத்தில் ஒருவன்தான். தலைமை ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு மாசத்துல கல்யாணப் பத்திரிகையோட வா. இல்லேன்னா நான் போலீசோட வர்றேன்."

பெண் கேட்டு அண்ணன் வீட்டுக்குக் கடிதம் வந்த அன்றே நப்போசா அவனைப் போனில் பிடித்தாள்.

"ஊர்ல வேற பொண்ணே கெடைக்கலயாடா உனக்கு?"

"உன் வீட்டுக்கு வந்தப்ப என்கிட்ட சிரிச்சுப் பேசுன ஒரே பொண்ணு அவதான்."

"அதுக்குத் தண்டனையா இது? அந்த வெள்ளைக்காரங்ககிட்ட கேளு, வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"கேட்டேன். உங்களோட நிக்கிறோம்னு எழுதினாங்க. அடி வாங்குன போலீஸ் ரிப்போர்ட் இருந்தா அனுப்பச் சொன்னாங்க. நான் இன்னும் அடி வாங்கல, நப்போசா. என்ன பண்ணட்டும்?"

அண்ணன் மகள் நந்தாவுலாவிடமும் பேசிப் பார்த்தாள். "அவன் வேணாம்டி."

"ஏன் அத்தை? வேற பொம்பள இருக்காளா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"குடிப்பான்." பொய்தான்.

"அப்பா குடிக்காததா!"

உண்மையைச் சொன்னால் நந்தாவுலா அழுவாள். அழுதால் அப்பாவிடம் சொல்வாள். அன்று சாயங்காலமே முவாஞ்சே லாக்கப்பில் இருப்பான். இருபத்தொரு வயசுப் பெண்ணின் வாழ்க்கையையும் அவன் உயிரையும் நப்போசா கையில் கொடுத்துவிட்டு ஊரே விருந்துக்கு வாழைக்காய் அவிக்கப் போயிருந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் மைக்கைப் பிடித்தார். "ஆம்பளயும் ஆம்பளயும் கட்டிக்கிட்டாத்தான் கடன் குடுப்பாங்களாம், பெரிய நாட்டுக்காரங்க! வச்சுக்கட்டும் அவங்க கடன! எங்க புள்ள பொண்ணு கேட்டு வந்திருக்கான், மாட்டோட!"

பந்தல் அதிர்ந்தது. கடன் நின்றதில் பாதியில் நின்ற தார்ச்சாலை அந்தப் பந்தலுக்கு எதிரேதான் கிடந்தது. சட்டம் போட்டவனும் கடனை நிறுத்தியவனும் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். கைக்கு எட்டியது முவாஞ்சே மாதிரி ஆட்கள்தான். வரிசையில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவனும் அவன்தான்.

"அத்தை வரட்டும்!"

நப்போசா பூவோடு எழுந்தாள். வரிசையில் நடந்தாள். ஆறாவது நாற்காலியில் அவன். அவள் நிற்கவில்லை, கடந்து போனாள். கைதட்டல். திரும்பி வந்து மறுபடி கடந்தாள். விசில் பறந்தது.

மைக்கை வாங்கினாள். "இதுல மாப்பிள்ளை யாரும் இல்ல."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. அத்தைகள் இப்படித்தான் போக்குக் காட்டி மாப்பிள்ளை வீட்டாரிடம் பரிசு கறப்பார்கள். பேச்சாளர் துள்ளினார்: "அத்தைக்குக் கண்ணு மங்கிருச்சு! கண்ணத் தொறக்க ஒரு சேலைத் துணி கொண்டாங்கப்பா!"

"விளையாடல. எங்க பொண்ண இவங்கள்ல யாருக்கும் குடுக்க முடியாது. எந்திரிச்சுப் போங்க."

"ஆகா! ஒரு துணி பத்தாதாம்! அந்தச் சேவலையும் கொண்டாங்க!"

அண்ணன் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்தவளை நிறுத்தியது வீண்போகவில்லை. நப்போசா மைக்கை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். இவர்கள் நம்புகிற மாதிரிச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். அதைச் சொன்னால் சிரிப்பு உடனே நிற்கும். பிறகு கல் தேடுவார்கள்.

முவாஞ்சே தலை தூக்கவில்லை. மடியில் இடது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மூடி வைத்திருந்தான்.

அவள் ஆறாவது நாற்காலிக்குப் போய்க் குனிந்தாள். குத்திய வேகத்தில் ஊசி கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது. அவன் முகம் சுளிக்கவில்லை.

"நன்றி" என்றான், உதடு அசையாமல்.

"நன்றி சொன்னா நாக்க அறுத்துருவேன். அவளத் தொடாம எத்தன வருஷம் ஏமாத்துவ? தொட்டு எத்தன வருஷம் ஏமாத்துவ?"

மேளம் முழங்கியது.

உள்ளே நந்தாவுலா அவளைக் கட்டிக்கொண்டாள். "இவ்வளவு நேரமா அத்தை? நெசமாவே காட்டிக்குடுக்க மாட்டீங்களோன்னு நானே வெளிய ஓடி வரப் பாத்தேன்!"

"நெசமாத்தாண்டி சொன்னேன்."

நந்தாவுலா விழுந்து விழுந்து சிரித்தாள். "போதும் அத்தை, எனக்கு மை கலையுது."

பெண்ணைப் பந்தலுக்கு அழைத்துப் போய் மாப்பிள்ளை முன்னால் மண்டியிட வைப்பதும் அத்தையின் வேலைதான். அழைத்துப் போனாள்.