மூன்றாவது டர்பைன்

கழிமுகத்துக்குக் குறுக்கே ஒரு நீண்ட சுவர். கடல் ஏறும்போதும் வடியும்போதும் தண்ணீர் அந்தச் சுவருக்கு அடியிலிருக்கும் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுப் போகும், மின்சாரம் வரும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். டைவர் கீழே இறங்கி வேலை பார்க்க அந்தக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும்.

அன்று மூன்றாவது டர்பைனில் அறுந்த மீன்வலை ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய டைவர் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும், அங்கிருந்த இரண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர் அவளுடைய நாத்தனார். முன்னாள் நாத்தனார் என்று சொல்ல வேண்டும். விவாகரத்து வழக்கில் கூண்டேறி, "இவங்க வீட்டுல இருந்ததைவிடத் தண்ணிக்குள்ள இருந்ததுதான் அதிகம்" என்று சொன்னவள். குழந்தை அப்பாவோடு போய்விட்டது.

"பிரேக் போட்டுப் பூட்டிட்டேன், அண்ணி," என்றாள் ஆப்பரேட்டர், திரும்பாமலே.

"அண்ணியா? யாருக்கு?"

தான் மேலே வரும்வரை யாரும் டர்பைனை ஓட்டிவிடாதபடி டைவர் தன் பூட்டையும் பிரேக்கில் மாட்டினாள். அது விதிப்படி செய்வதுதான். ஆனால் மாட்டிய பிறகு ஆப்பரேட்டரின் பூட்டையும் சேர்த்து இழுத்து இழுத்துப் பார்த்தாளே, அது எந்த விதியிலும் இல்லை.

"நல்லா இழுத்துப் பாருங்க. குடும்பத்தைத்தான் கோட்டை விட்டீங்க, இதாவது நிக்கட்டும்."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு கடையில கிடைச்சா முதல்ல அதை வாங்கியிருப்பேன்."

கீழே ஒரே கலங்கல். வலை இறக்கைகளைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடந்தது. டைவர் கத்தியால் அறுத்து அறுத்துத் தள்ளினாள். பெரும்பகுதி வந்துவிட்டது. கடைசி முடிச்சில் கை வைத்தபோது தலைக்கவசத்துக்குள் ஆப்பரேட்டரின் குரல் கேட்டது.

"தண்ணி திரும்புது. மேல வாங்க."

தன்னை மேலே வரவைத்துவிட்டு, வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தாள் என்று ஊரெல்லாம் சொல்லப் பார்க்கிறாள் என்றே டைவர் நினைத்தாள். "முடிச்சுட்டு வரேன்."

"அண்ணி, விளையாடாதீங்க. வாங்க மேல!"

அவள் கத்தியை இன்னும் அழுத்தி இழுத்தாள். முடிச்சு அறுந்தது. அதற்குள் தண்ணீர் வேகமெடுத்து அவளைத் தூக்கிக் கம்பித் தடுப்பில் அறைந்தது. அறுத்துப் போட்ட வலையே காலைச் சுற்றிக்கொண்டது. முழங்காலில் என்னவோ மளுக்கென்றது. கத்தி கைநழுவிப் போயிற்று. அப்போதுதான் அவள் அலறினாள்.

மேலே ஆப்பரேட்டர் தண்ணீர் வரும் வழியை அடைக்கும் அவசரக் கதவை இறக்கினாள். அதை இறக்கினால் நிலையம் முழுவதும் நின்றுவிடும். மேலாளரின் உத்தரவில்லாமல் தொடக்கூடாது. மேலாளர் ஃபோனில் கத்தியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நீரோட்டம் அடங்கியதும் இன்னொரு டைவர் இறங்கி வலையை அறுத்துவிட, சுவர்மேல் அவளுடைய கயிற்றைப் பிடித்து நின்ற கயிற்றுக்காரர்கள் அவளை மேலே இழுத்துப் போட்டார்கள்.

ஆப்பரேட்டர் படியிறங்கி ஓடி வந்தாள். "தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நீ சொன்னதாலதான் வரல."

"உங்களுக்காக ஒண்ணும் நான் கதவை இறக்கல. உங்க பொண்ணு என் பக்கத்துலதான் படுத்துத் தூங்குறா. அவகிட்ட நான் போய் என்னன்னு சொல்றது?"

டைவர் ஈரக் கையுறையைக் கழற்றி அவள் மூஞ்சியிலேயே எறிந்தாள். கயிற்றுக்காரர்கள் நடுவில் புகாமல் இருந்திருந்தால் இன்னும் என்னென்ன பறந்திருக்குமோ.

மறுநாள் மேலாளர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். ஆப்பரேட்டர் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. டைவருக்கு எரிந்ததே அதுதான். பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"இவ சொல்றது சரியா?" என்று மேலாளர் கேட்டார்.

"சரிதான்," என்றாள் டைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

கால் குணமான பிறகும் அவளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், கிடங்கு வேலை கொடுக்கலாம் என்று முடிவானது. கதவை இறக்கிக் காப்பாற்றிய ஆப்பரேட்டரிடம் அவள் நன்றி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறையைத் தாண்டும்போது, உள்ளேயிருந்து ஆப்பரேட்டர் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.