காதில் புகை வந்தவர் தொடுத்த வழக்கு

மனைவி எழுதிய புத்தகம் அச்சாகி வந்த அன்று, அவதூறு வக்கீலின் இரண்டு காதுகளிலிருந்தும் புகை வந்தது. இடது காதில் கொஞ்சம் கூடுதல். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். போட்டார்கள், நிற்கவில்லை.

அவதூறு வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். ஊரில் யார் யாரை என்ன சொல்லித் திட்டினாலும், திட்டு வாங்கியவர் நேராக அவர் வீட்டுப் படியேறுவார் என்பதால் வந்த பெயர். மனைவியும் வக்கீல்தான். ஒரே அறை, ஒரே மின்விசிறி, எதிரெதிரே இரண்டு மேசை. அந்த அம்மாள் பார்த்ததெல்லாம் வாடகைத் தகராறும் பாகப்பிரிவினையும். சில வருடங்களாகச் சாயங்காலங்களில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது, "எழுது எழுது, பொழுது போகணும்ல" என்று அவர் தாராளமாகச் சொல்லியிருக்கிறார். வந்து விழுந்ததோ, வக்கீல்களுக்கான அவதூறுச் சட்டக் கையேடு. கோட்டுப் பையில் அடங்கும் சின்னப் புத்தகம். சொன்ன சொல் ஒருவரின் மதிப்பைக் குறைக்க வேண்டும், அது இன்னாரைத்தான் குறிக்கிறது என்று தெரிய வேண்டும், மூன்றாவது ஆளின் காதுக்குப் போயிருக்க வேண்டும், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் வழக்குப் போட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இவர் இத்தனை காலம் மண்டையில் மூட்டை மூட்டையாகச் சுமந்ததையெல்லாம் அந்த அம்மாள் நாலு வரியில் சொல்லியிருந்தார். ஜூனியர்கள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்தார்கள். இவர் உயிரைக் கொடுத்து வாதாடிக்கொண்டிருந்த ஒரு காலையில், நீதிபதி குறுக்கிட்டு, "இதுக்கு உங்க வீட்டம்மா புத்தகத்துல என்ன சொல்லியிருக்காங்கன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். அன்று எழுந்த புகையில் தீயணைப்பு மணி தானாக அடித்து, நீதிமன்றம் மொத்தமும் வாசலுக்கு ஓடியது.

அவருக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. புத்தகக் கடைக்குப் போய் மனைவியின் புத்தகங்களை முதுகு தெரியாமல் திருப்பி வைத்தார். தொலைபேசியில் மேடம் இருக்காங்களா என்று கேட்டவர்களிடம் ராங் நம்பர் என்றார். பெயர் போடாமல் வக்கீல் சங்கத்துப் பத்திரிகைக்கு ஒரு மதிப்புரை அனுப்பினார். அதில் இரண்டாம் வாக்கியத்திலேயே 'கூறப்பட்டதாகக் கூறப்படும்' என்று அவர் வாயில் ஓயாமல் வரும் சொல் இருந்ததால் அது யார் கைவேலை என்பது அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாள் தன் மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கோடை விடுமுறை ஆரம்பித்ததும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவதாகவும், திரும்பிப் போகிற எண்ணம் இல்லையென்றும் அக்காவிடம் சொல்லிவைத்தார். கணவருக்கும் இது தெரியும். தெரிந்தும் புகை குறையவில்லை.

இந்த நிலைமையில்தான் அவருடைய குமாஸ்தா, நீதிமன்றக் கேண்டீனில், நாலு பேர் கேட்க, "மேடம் புக் போட்டதிலிருந்து சாருக்குக் காதுல புகை" என்று சொல்லி வைத்தார். சொன்னவரின் தம்ளர் காலியாவதற்குள் சொல் வக்கீலிடம் வந்து சேர்ந்தது. உடனே வழக்கு என்றார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. புகை என்பதை வெறும் புகையாக எடுத்துக்கொண்டால் வழக்கே இல்லை, அதைத் தெருவில் போகிறவர்கூடப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். சொல்லுக்கு உள்ளர்த்தம் ஒன்று உண்டு, கேட்டவர்களுக்கு அதுதான் புரிந்தது என்று வழக்குப் போடுகிறவரே எழுதித் தர வேண்டும். ஆகவே அவர் கண்ணை மூடிக்கொண்டு, 'மேற்படி சொற்களுக்கு, வாதி தன் மனைவியின் மேல் பொறாமைப்படுகிறார் என்பதே பொருள்' என்று சொல்லச் சொல்ல, வழக்கம்போல் குமாஸ்தா தட்டச்சு செய்தார்.

"பொறாமைக்கு வல்லின றாதானே சார்?"

"அதுகூடத் தெரியாதா? இத்தனை வருஷம் என்னதான் வேலை பார்த்தே?"

குமாஸ்தா அதை அடித்து முடித்து, நகலை உறையிலிட்டு, தன் பெயரையே விலாசமாக எழுதி, தானே தபாலில் சேர்த்தார்.

அவதூறு வக்கீலை எதிர்த்து நிற்க ஊரில் ஒரு வக்கீலும் துணியவில்லை. கடைசியில் அம்மாள்தான் குமாஸ்தாவுக்காக வக்காலத்துப் போட்டார். சொன்னது உண்மை, அவ்வளவுதான் எதிர்வாதம். நிரூபிப்பதுதான் கஷ்டம். வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டியிடம் கத்தியதையெல்லாம் சாட்சியமாக எடுத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே எல்லாம் வாதியின் வாயிலிருந்தே வந்தாக வேண்டும். அவர் கூண்டில் ஏறியதும் நீதிபதி ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். அம்மாள் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார்.

"நீங்க இந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சேங்க." கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் அவர் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எத்தனை தடவை?"

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். கூண்டில் நின்று சாட்சி சொல்கிற சொல்லுக்காக யாரும் அவர்மேல் அவதூறு வழக்குப் போட முடியாது. வெளியே சொன்னால் மானம் போகிற எதையும் அங்கே சொல்லலாம். இதைக் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அவர் வீடு கட்டியவர். அந்த இடம் தனக்கும் உதவும் என்று அவருக்கு அன்றுதான் தோன்றியது.

"எண்ணல. தப்பு கண்டுபிடிக்கணும்னுதான் படிச்சேன். ஒண்ணும் கிடைக்கல. நல்லா இருக்கு. என்னால இப்படி எழுத முடியாது. இத்தனை வருஷம் எதிர்லயே உக்காந்திருந்தும் உனக்கு இது வரும்னு எனக்குத் தெரியல. அதான் எரியுது."

அம்மாள் கையிலிருந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். "வேற கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். உண்மை வாதியின் வாயாலேயே நிலைநாட்டப்பட்டதால் வழக்கு தள்ளுபடியானது. குமாஸ்தா மத்தியானமே வேலைக்கு வந்து தீர்ப்பு நகலை வழக்குக் கட்டோடு சேர்த்துவைத்தார்.

இருவரும் ஒரே காரில், கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போனார்கள். அக்கா வீட்டுப் பேச்சு அப்புறம் எழவில்லை. புகை நின்றதா என்றால், இல்லை. ஒப்புக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் பொறாமைப்படாதவர்கள். கொத்தனாரை வைத்து அவர் நாற்காலிக்கு மேலே ஒரு புகைபோக்கிக் குழாய் பதித்தார்கள். இரண்டாம் பதிப்பு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடியிலிருந்த துணிகளை உள்ளே எடுத்துப் போட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் பதிப்புக்கு அச்சகம் அனுப்பிய மெய்ப்பை அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று அவர் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார். இரண்டு காதும் துடைத்துவிட்டது போல் இருந்தன. "நல்லாத்தான் இருக்கு" என்று அவர் அன்பாகச் சொன்னார். அம்மாள் காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு போய், அச்சகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். பிறகு உட்கார்ந்து, அடுத்தவர் சொன்ன அவதூறைக் கைப்பேசியில் தள்ளிவிடுகிறவரும் அதைப் புதிதாகச் சொன்னவரே ஆவார் என்று சொல்லும் புது அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினார். எழுதி முடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. மறுபடி மெய்ப்பைக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை நின்று பார்க்கத் தைரியமில்லாமல் கூடத்துக்கு வந்துவிட்டார். வெகுநேரம் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளே அவர் இருமினார்.

"வருதாங்க?"

"வருது, வருது. வந்து ஜன்னலைத் திற."

அம்மாள் ஜன்னலைத் திறந்துவிட்டு அச்சகத்துக்குத் தொலைபேசி செய்தார்.